கேஸ் பீட்சா ஓவனா, மின் ஓவனா, இரும்புத் தகடா: சிங்கப்பூர் வீட்டுக்கு எது பொருந்தும்?

"கேஸ் பீட்சா ஓவன் வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே வைத்து எரிப்பீர்கள்?" பலரும் அதைப் பற்றி யோசித்திருப்பதில்லை. காணொளியில் பார்த்த தழலும், ஒன்றரை நிமிடத்தில் உப்பி ஆங்காங்கே கரும்புள்ளி விழும் விளிம்பும் மனத்தில் நிற்கின்றன. செங்காங் நாலறை வீட்டில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயும் கம்பிகள் மட்டுமே இருக்கின்றன என்பது மறந்துவிடுகிறது.

ஆகவே இந்த ஒப்பீடு பீட்சா சுடப் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு, அதுவும் சிங்கப்பூர் வீடுகளில் வசிப்பவர்களுக்கு. ஏற்கெனவே கை தேறியவர்களுக்கு இது தேவைப்படாது. எடுத்துக்கொண்ட வழிகள் நான்கு: திறந்தவெளியில் வைக்கும் கேஸ் பீட்சா ஓவன், சமையல் மேடையில் வைக்கும் மின் பீட்சா ஓவன், வீட்டில் இருக்கும் சாதாரண ஓவனுக்குள் கனமான இரும்புத் தகடு, கடைசியாகத் தோசைக்கல்.

## எதை வைத்து எடை போடுவது

வெப்பநிலையில் தொடங்குவதுதான் இத்தகைய கட்டுரைகளின் வழக்கம். நான் இடத்தில் தொடங்குகிறேன். தீ எரியும் கருவிக்குத் திறந்தவெளி வேண்டும். அது இல்லையென்றால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

அடுத்தது, எத்தனை முறை சுடுவீர்கள் என்பது. பீட்சாவில் கற்க வேண்டியவை இரண்டு வகை. மாவைக் கையால் விரிப்பதும், துடுப்பிலிருந்து (பீட்சாவை ஓவனுக்குள் விடும் தட்டையான, கைப்பிடி வைத்த பலகை) ஓவனுக்குள் இருக்கும் கல்லின் மேல் இறக்குவதும் எண்ணிக்கையால் வரும். ஒரே மாலையில் எட்டு சுட்டால் கை பழகிவிடும். மாவு புளிப்பது அப்படி வராது. எட்டு பீட்சாவும் ஒரே மாவிலிருந்து வந்தால் மாவைப் பற்றி நீங்கள் படித்தது ஒரு பாடம்தான். வாரம் இரண்டு வீதம் சுடுகிறவர் அதே எட்டுக்குள் நான்கு மாவுகளைப் பார்த்துவிடுகிறார்: ஒன்று அதிகம் புளித்தது, ஒன்று இறுகியது, ஒன்று உப்புக் குறைந்தது. மாவுதான் பீட்சா என்பதால், செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபின்னும் பற்றவைக்க முடிகிற அடுப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மூன்றாவது, எந்தப் பீட்சா வேண்டும் என்பது. நேப்பிள்ஸ் பாணிப் பீட்சா 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் 60 முதல் 90 நொடிக்குள் வேகிறது. 2017ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது அந்தக் கைத்திறன்தான். நம் உணவங்காடிக் கலாசாரம் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 2020ல். ஆனால் நியூயார்க் பாணி மெல்லிய பீட்சாவுக்கு ஏறத்தாழ 300 டிகிரி போதும். எண்ணெய் தடவிய தட்டில் தடிமனாகச் சுடும் பீட்சாவுக்கு 230, 250 போதும். நடு மென்மையாக, விளிம்பு உப்பலாக, அங்கங்கே கருகினாற்போல் இருப்பது பிடித்தால் மட்டுமே அதிக வெப்பத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். மொறுமொறுவென்று இருந்தால்தான் வீட்டில் சாப்பிடுவார்கள் என்றால் 450 டிகிரி உங்களுக்கு எதிரி. நம் குடும்பங்களில் பெரியவர்கள் நேப்பிள்ஸ் பாணியைப் பார்த்து "நடுவில் வேகவில்லையே" என்று சொல்வதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவையும், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சுட வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

## கேஸ் பீட்சா ஓவன்

முதலில் இதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து, இருபது நிமிடத்தில் கல் 400 டிகிரியைத் தொடும். ஒரு பீட்சா வெளியே வந்து இரண்டு, மூன்று நிமிடத்தில் அடுத்ததை உள்ளே விடலாம். பிறந்தநாளுக்குப் பதினைந்து பேர் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லார் கையிலும் பீட்சா இருக்கும். இந்த வேகம் மற்ற மூன்று வழிகளிலும் கிடைக்காது. பீட்சா சுடாத நாளில் இரும்பு வாணலியை உள்ளே தள்ளி மீன் பொரிக்கலாம், கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்கலாம். 'நான்' ரொட்டி இதில் வருவது போல் வேறெந்த வீட்டு அடுப்பிலும் வராது.

இப்போது இடம். இந்த ஓவன்களைத் தயாரிப்பவர்கள் திறந்தவெளிக்கு மட்டுமே என்று எழுதித்தான் விற்கிறார்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சிலிண்டரில் வரும் எல்பிஜி வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது, தரையோடு படிந்து சாக்கடைத் துளை, கீழ்த்தளம் என்று பள்ளத்தைத் தேடிப் போகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை, சர்வீஸ் யார்டு, பொது நடைபாதை மூன்றும் இதற்குச் சரிப்படாது. நடைபாதை அவசரத்தில் தப்பிச் செல்லும் வழி. அங்கே சிலிண்டரும் சூடான அடுப்பும் வைப்பதைக் குடிமைத் தற்காப்புப் படையும் நகர மன்றமும் ஏற்கமாட்டா, அண்டைவீட்டாரும் ஏற்கமாட்டார்கள். கொண்டோமினியத்தில் பால்கனி இருக்கிறதே என்பீர்கள். பல கொண்டோக்களின் விதிகள் பால்கனியில் தீ மூட்டிச் சமைப்பதைத் தடுக்கின்றன. ஓவன் வாங்கும் முன்பே நிர்வாக அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். மேலே கூரை, பக்கத்தில் சுருட்டித் தொங்கவிடும் திரை என்றிருக்கும் பால்கனியில், விதி அனுமதித்தாலும் நான் பற்றவைக்கமாட்டேன்.

மிச்சம் இருப்பது தரைவீடு. சிராங்கூன் கார்டன்ஸ் பக்கத்து மாடிவீடுகளைப் போல முன்னால் கார் நிறுத்தும் இடமோ பின்னால் சிறு முற்றமோ இருந்தால் போதும். கார் நிற்கும் கூரைக்கு அடியில் வேண்டாம். சுற்றிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியும் தலைக்கு மேல் வானமும் இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது பலருக்கும் தெரியாதது. சிங்கப்பூரில் குழாய்வழி வருவது ஹைட்ரஜன் பெருமளவு கலந்த நகர எரிவாயு. பீட்சா ஓவன்கள் புரோப்பேனுக்கோ எல்பிஜிக்கோ என்று துளை அளந்து செய்யப்பட்டவை. இரண்டும் எரியும் விதம் வேறு, அழுத்தம் வேறு. வீட்டுக் குழாயில் நேராக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரிவாயுக் குழாயில் கைவைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற பணியாளர் வேண்டும். அவரும் இந்த ஓவனை அதில் இணைத்துத் தரமாட்டார். ஆக, தனிச் சிலிண்டர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஓவனோடு வரும் ரெகுலேட்டர் இங்குள்ள சிலிண்டரின் வாயில் உட்காராமல் போகலாம். அப்போது இங்கே விற்கும் ரெகுலேட்டரும் குழாயும் தனியாக வாங்க வேண்டிவரும். குழாயிலும் ரெகுலேட்டரிலும் சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் எவ்வளவு எல்பிஜி வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சமையலுக்கே சிலிண்டர் பயன்படுத்துகிற வீட்டில் இன்னொன்று சேர்க்கும்போது சிலிண்டர் கொண்டுவருபவரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிபொருள் செலவு பயப்படும்படி இல்லை. 12 அங்குல ஓவன் பெரும்பாலும் 4 கிலோவாட் அளவில் எரிகிறது. மணிக்கு 300 கிராம் எல்பிஜி. ஒரு மாலை விருந்துக்கு ஒன்றிரண்டு வெள்ளி ஆகும். 16 அங்குல ஓவன் ஏறத்தாழ இரட்டிப்பாகக் குடிக்கும்.

நம் வானிலை கேட்கும் விலை வேறு. சூடான கல்லில் மழைத்துளி விழுந்தால் கல் வெடிக்கக்கூடும். மழையில் ஊறிய கல்லை உடனே முழுத் தழலில் வைத்தாலும் விரிசல் விடும். சிறுதீயில் நெடுநேரம் காயவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சனிக்கிழமை விருந்துக்கு ஆறு பேரை அழைத்துவிட்டு மூன்று மணிக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தனிக் கலை. வெளியே மூடிவைத்தால் துரு பிடிக்கும். எரிகுழாய்க்குள் சிலந்தி வலை கட்டிவிடும், தழல் மஞ்சளாகித் தடுமாறும். உள்ளே எடுத்து வைத்தால் பரணில் இடம் வேண்டும், பத்துக் கிலோவுக்கு மேல் தூக்க ஆள் வேண்டும்.

கற்றுக்கொள்வதைப் பொறுத்தவரை, கேஸ் ஓவன் கண்டிப்பான வாத்தியார். மரத் துடுப்பில் சன்ன ரவை தூவுகிறீர்கள். மாவு அதிகம் தூவினால் அது கல்லில் கருகி அடி கசக்கும். 250 கிராம் உருண்டையை 30 சென்டிமீட்டர் வட்டமாக விரித்துத் துடுப்பில் போட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் மாவின் அடி ஒரு நிமிடத்திலேயே பிசுபிசுக்கும். சாஸ், சீஸ், துளசி, அவ்வளவுதான், பேச்சுக்கு நேரமில்லை. துடுப்பை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். வட்டம் முழுவதும் வழுக்கி அசைந்தால் உள்ளே விடலாம். ஓர் ஓரம் அசையாமல் நின்றால் அங்கே மாவைத் தூக்கி ஊதி, இன்னும் சிறிது ரவை போட வேண்டும். அதைச் செய்யாமல் தள்ளினால் மாவு பாதி துடுப்பிலும் பாதி கல்லிலுமாக இழுபட்டு, சாஸ் கல்லில் வழிந்து புகையும். இது எல்லாருக்கும் நடப்பதுதான்; முதல் தோசை ஒட்டுவதைப் போலத்தான், ஆனால் 400 டிகிரியில்.

உள்ளே விட்டவுடன் தழலைக் குறைத்துவிடுங்கள். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். தழல் பின்புறத்திலிருந்து எழுந்து கூரையை நக்கி வருவதால் பின் விளிம்பு முதலில் கருகும். இருபது நொடியில் சிறு வட்டத் துடுப்பால் கால் வட்டம் திருப்ப வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும், மறுபடியும். அதற்குள் அடி வேகவில்லை என்றால் கல் சூடேறவில்லை என்று பொருள். ஓவனில் பொருத்தியிருக்கும் வெப்பமானி காற்றைத்தான் காட்டும். கல்லின் சூட்டைக் காட்ட அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். கல்லின் நடுவில் காட்டும்போது 400ஐ ஒட்டி இருக்கட்டும்; பின்பகுதி 450க்கு மேல் ஓடினால் தழலைக் குறைத்து ஓரிரு நிமிடம் காத்திருங்கள்.

இறக்குவது, திருப்புவது, தழலை ஆள்வது மூன்றையும் ஒன்றரை நிமிடத்துக்குள் கற்றுக்கொடுக்கும் கருவி இது. தவறைத் திருத்த இடைவெளி தராது. அதனால் முதல் சில முறை விருந்தாளி இல்லாமல் சுடுங்கள்.

யாருக்கு: திறந்த முற்றம் இருக்கிறவர்களுக்கு, கூட்டம் வருகிற வீட்டுக்கு, நேப்பிள்ஸ் பாணியை உண்மையிலேயே விரும்புகிறவர்களுக்கு.

## மின் பீட்சா ஓவன்

அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு 400 டிகிரி வேண்டும் என்றால் இதுதான் வழி. பிரெவில் நிறுவனத்தின் பீட்சாயோலோ 400 டிகிரி வரை போகிறது; ஊனியின் வோல்ட் 450 வரை போகிறது. இருபது, முப்பது நிமிடம் சூடாக்கினால் இரண்டு நிமிடத்தை ஒட்டி ஒரு பீட்சா வேகும். மேல் சூட்டையும் அடிச் சூட்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிவது கற்பவருக்குப் பெரிய வசதி. ஒரே மாவில் ஒன்றை மேல்சூடு குறைத்தும் ஒன்றை அடிச்சூடு குறைத்தும் சுட்டுப் பாருங்கள். எது எதைச் செய்கிறது என்பது ஒரே மாலையில் புரிந்துவிடும். கேஸ் ஓவனில் இரண்டும் ஒரே தழலிலிருந்து வருவதால் இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது.

மின்சாரச் செலவும் அற்பம்தான். 1,600 வாட் ஓவன் ஒன்றரை மணி நேரம் ஓயாமல் ஓடினாலும் 2.4 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் 72 காசு.

மறைந்திருப்பவை மூன்று. ஒன்று, மின்செருகி. நம் 13 ஆம்பியர் செருகி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட் தாங்கும். ஓவனைச் சுவர்ச் செருகியில் நேராகப் போடுங்கள். நீட்டிப்புக் கம்பியில் மின்கேத்தலோடு சேர்த்துப் போட்டால் கம்பி சூடாகும். அமெரிக்காவிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று 120 வோல்ட் கருவியை வரவழைக்காதீர்கள். இரண்டு, புகை. 400 டிகிரியில் சிந்திய ரவையும் சீஸும் புகையாமல் இருக்காது. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்துவது கட்டாயம். திறந்த சமையலறை உள்ள பிடிஓ (முன்பதிவின் பேரில் கட்டப்படும் புதிய வீவக) வீட்டில் அது கூடத்திலிருந்தே கூவிவிடும். புகைபோக்கியை முன்கூட்டியே ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிரூட்டி போட்ட கூடத்தில் பீட்சா சுடும் ஆசையை விட்டுவிடுங்கள். மூன்று, மேடை. இந்த ஓவன்கள் ஆழமானவை. சோறு வடிக்கும் குக்கரையும் மிக்ஸியையும் அரவை இயந்திரத்தையும் வைத்த பிறகு நாலறை வீட்டு மேடையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மேலே தொங்கும் அலமாரியின் அடியில் இடிக்காமல் மேல்புறம் காற்று போக இடம் வேண்டும்.

விலை சாதாரணமில்லை, கேஸ் ஓவனை எட்டும், சிலது தாண்டும். ஒரு நேரத்தில் ஒரு பீட்சா, அதுவும் 30 சென்டிமீட்டர். நான்கு பேர் வீட்டுக்குச் சரி. பத்துப் பேர் வந்தால் முதல் ஆள் சாப்பிட்டு முடித்துக் காப்பி கேட்கும்போது கடைசி ஆளுக்குப் பீட்சா வரும்.

யாருக்கு: வாரத்துக்கு ஒருமுறையாவது சுடப்போவது உறுதி என்று தெரிந்த அடுக்குமாடிக் குடும்பத்துக்கு. உறுதியில்லையென்றால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

## வீட்டு ஓவனும் இரும்புத் தகடும்

250 டிகிரி வரை போகும் ஓவன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், புதிதாகக் கற்கும் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். 35 சென்டிமீட்டர் சதுரம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகடு ஒன்று வாங்குங்கள். எடை ஏறத்தாழ 6 கிலோ இருக்கும். பீட்சா ஓவன்களின் விலையில் பாதிகூட ஆகாது. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை.

தகடு ஏன் வேலை செய்கிறது? பீட்சாக் கல்லைவிட எஃகு பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 250 டிகிரி எஃகு மாவின் அடிக்குள் செலுத்தும் சூடு, அதைவிட அதிகச் சூடான கல் செலுத்துவதற்கு ஈடாக நிற்கும். இதே காரணத்தால்தான் கேஸ் ஓவனுக்குள் எஃகு வைப்பதில்லை. 400 டிகிரியில் அடி கரியாகிவிடும்.

முறை எளிது. மேல்தட்டுக்கு அடுத்த தட்டில் தகட்டை வைத்து, உச்ச வெப்பத்தில் முக்கால் மணி நேரமாவது சூடாக்குங்கள். பீட்சாவை இறக்கும் சில நிமிடங்களுக்கு முன் கிரில்லை ஓட்டினால் மேல் பக்கமும் நிறம் பிடிக்கும். ஆறு முதல் எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். பாதியில் ஒருமுறை திருப்பினால் போதும். அந்த ஆறு நிமிடமும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கலாம். விளிம்பு எப்போது எழுகிறது, சீஸ் எப்போது உருகிக் கொதிக்கிறது, அடி எப்போது நிறம் மாறுகிறது என்று கண்ணால் படிக்கக் கேஸ் ஓவனில் கிடைக்காத அவகாசம் இங்கே இருக்கிறது. தவறினாலும் பீட்சாவைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.

மாவை மட்டும் மாற்ற வேண்டும். நான்கு உருண்டைக்கு 610 கிராம் மாவு, 380 கிராம் குளிர்ந்த தண்ணீர், 17 கிராம் உப்பு, கிட்டத்தட்ட ஒரு கிராம் உலர் ஈஸ்ட் என்பது 400 டிகிரி ஓவன்களுக்கான கணக்கு. 250 டிகிரிக்கு இதோடு இன்னும் 20 கிராம் தண்ணீர், 12 கிராம் எண்ணெய், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் அதிக நேரம் வேகும் மாவு வறண்டு வறட்டியாகிவிடும். சர்க்கரை இல்லாவிட்டால் வெளுத்துப்போய் இருக்கும். அதே சர்க்கரை கேஸ் ஓவனில் கருகும், எனவே அங்கே வேண்டாம். மாவு வகையிலும் இப்படித்தான்: கேஸ், மின் ஓவன்களுக்கு மிகச் சன்னமாக அரைத்த இத்தாலிய 00 மாவு, வீட்டு ஓவனுக்குச் சாதாரண ரொட்டி மாவே நன்றாக வரும். பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் கடைகளுக்குப் போனால் இரண்டையும் கேட்டு வாங்கலாம். ஆட்டா மாவில் செய்து பார்க்க ஆசை வரும். சப்பாத்திக்கும் பீட்சாவுக்கும் இடையில் ஏதோ ஒன்று கிடைக்கும்.

நான்கு வழிக்கும் பொதுவாக ஒன்று. இத்தாலியக் குறிப்புகளில் "அறை வெப்பத்தில் 8 மணி நேரம்" என்றிருந்தால் அது நம் அறை அல்ல. இங்கே 30 டிகிரியில் அதே மாவு பாதி நேரத்திலேயே பொங்கித் தளர்ந்துவிடும். ஐஸ் தண்ணீரில் பிசைந்து, உருண்டை பிடித்து, மூடிய டப்பாவில் 24 முதல் 48 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதுதான் நமக்குத் தோதானது. சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். தோசை மாவை எப்போது உள்ளே வைப்பது என்று கண்ணாலேயே தெரிந்துகொள்கிற வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீஸிலும் கவனம். தண்ணீரில் மிதக்கும் புதிய மொஸரெல்லாவை இந்த ஓவனில் போட்டால் ஆறு நிமிடத்தில் குளம் கட்டும். ஈரம் குறைந்த கட்டி மொஸரெல்லாவைத் துருவிப் போடுங்கள். 400 டிகிரி ஓவனுக்குப் புதியது சரிதான், ஆனால் நறுக்கி அரை மணி நேரமாவது வடிகட்டியில் வைத்த பிறகு.

இதன் குறை: முக்கால் மணி நேரச் சூடேற்றமும் அதனால் சமையலறை வெந்துபோவதும். இன்னொன்று, மேடையில் வைக்கும் சிறு ஓவன்களில் பல 35 சென்டிமீட்டர் தகட்டைக் கொள்ளா. உள் அகலத்தை அளந்து, நாற்புறமும் காற்று சுழல இடம்விட்டுத் தகட்டை வாங்குங்கள். தட்டுக் கம்பி 6 கிலோ தாங்குமா என்பதையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

யாருக்கு: தொடங்குகிற எல்லாருக்கும், ஓவன் இருந்தால். மொறுமொறுப்பான பீட்சாவே போதும் என்கிறவர்களுக்கு இதுவே முடிவாகவும் இருக்கலாம்.

## தோசைக்கல்

செலவே இல்லாத வழி. கனமான இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, விரித்த மாவை அதன் மேல் போட்டு, உடனே சாஸும் சீஸும் வைத்து, அடி சிவந்ததும் கல்லோடு தூக்கி ஓவனின் கிரில்லுக்கு அடியில் மூன்று நான்கு நிமிடம். பிடி மரமோ பிளாஸ்டிக்கோ என்றால் உள்ளே வைக்கக்கூடாது. ஒட்டாத பூச்சுள்ள கல்லும் இந்தச் சூட்டுக்கு ஆகாது. துடுப்பு வேண்டாம், இறக்கும் பயம் வேண்டாம். ஆனால் இறக்கக் கற்றுக்கொள்ளவும் முடியாது. கிரில் இல்லாத வீட்டில் மூடி போட்டுச் செய்யலாம். சீஸ் உருகும், மேலே நிறம் வராது.

உங்களுக்கு மாவு பிசைந்து காத்திருக்கும் பொறுமை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

## ஒரே பார்வையில்

| | கேஸ் ஓவன் | மின் பீட்சா ஓவன் | ஓவன் + எஃகுத் தகடு | தோசைக்கல் |
|---|---|---|---|---|
| உச்ச வெப்பம் | 450 டிகிரிக்கு மேல் | 400–450 | 250 | அடுப்பைப் பொறுத்தது |
| சூடேற | 15–20 நிமிடம் | 20–30 நிமிடம் | 45–60 நிமிடம் | 5–10 நிமிடம் |
| ஒரு பீட்சா | ஒன்றரை நிமிடம் | 2 நிமிடத்தை ஒட்டி | 6–8 நிமிடம் | 6–8 நிமிடம் |
| வைக்கும் இடம் | திறந்தவெளி மட்டும் | சமையல் மேடை | ஏற்கெனவே உள்ள ஓவன் | அடுப்பு |
| ஒரு மாலைச் செலவு | ஒன்றிரண்டு வெள்ளி | வெள்ளிக்குள் | வெள்ளிக்குள் | சில காசு |
| கூடுதலாக வாங்குவது | சிலிண்டர், ரெகுலேட்டர், இரு துடுப்பு, அகச்சிவப்பு வெப்பமானி, உறை | துடுப்பு | தகடு, துடுப்பு | ஒன்றுமில்லை |
| தவறைத் திருத்த அவகாசம் | இல்லை | சிறிது | நிறைய | நிறைய |
| பத்துப் பேருக்கு | எளிது | சிரமம் | சிரமம் | வேண்டாம் |

## உங்கள் வீடு எது?

வீவக வீடு, ஓவன் உண்டு: தகடு. மூன்று மாதம் சுட்ட பிறகும் வாரா வாரம் மாவு பிசைகிறீர்கள், 250 டிகிரி போதவில்லை என்று நாக்கு சொல்கிறது என்றால் மின் ஓவனுக்குப் போங்கள். தகடு வீணாகாது, அதில் ரொட்டி சுடலாம்.

வீவக வீடு, ஓவன் இல்லை: தோசைக்கல்லில் தொடங்குங்கள். பிறகு வாங்கும்போது கேக்கும் சுட வேண்டுமா, பீட்சா மட்டுமா என்று முடிவு செய்யுங்கள். கேக்கும் வேண்டும் என்றால் சாதாரண ஓவனும் தகடும் சேர்ந்தே பீட்சா ஓவனைவிடப் பயன்படும். பீட்சாவுக்கென்றே ஆழமாகவும் தாழ்வாகவும் செய்த ஓவனுக்குள் பிறந்தநாள் கேக் நுழையாது.

கொண்டோ: பால்கனி இருப்பதாலேயே கேஸ் ஓவன் வாங்காதீர்கள். நிர்வாகத்தின் எழுத்துப் பதில் வரும் வரை உங்கள் வீடும் வீவக வீடு போலத்தான்.

தரைவீடு, ஆனால் இருவர் மட்டும்: இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது, சுட ஆளில்லை. இரண்டே பீட்சாவுக்காகச் சிலிண்டரை இழுத்து, உறையைக் கழற்றி, கல்லைக் காயவைத்து, மறுபடி மூடிவைக்கும் வேலை நாளடைவில் அலுத்துவிடும். பழைய பொருள் விற்கும் தளங்களில் பளபளவென்று கிடைக்கும் கேஸ் ஓவன்கள் இப்படித்தான் வருகின்றன என்பது என் ஊகம். உங்களுக்கு மின் ஓவன் பொருந்தும். கேஸ்தான் வேண்டும் என்றால் அந்தத் தளங்களில் பாதி விலைக்குத் தேடுங்கள். கல்லில் விரிசல் இருக்கிறதா, தழல் நீலமாகச் சீராக எரிகிறதா என்று பற்றவைத்துப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் குழாயை மட்டும் புதிதாக மாற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று சோதியுங்கள்.

தரைவீடு, பெரிய குடும்பம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு நிறைகிறது: கேஸ் ஓவன், தயங்க வேண்டாம். 12 அங்குலம் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் 16 அங்குலத்தைப் பாருங்கள். சுடுவது அதிலும் 12 அங்குலப் பீட்சாதான்; தழலுக்கும் பீட்சாவுக்கும் இடையில் கிடைக்கும் அந்த நாலு விரல் இடைவெளி கற்பவருக்கு உயிர். சைவம் மட்டும் உண்பவர்கள் வரும் நாளில் அவர்கள் பீட்சாவை முதலில் சுட்டுவிடுங்கள், துடுப்பும் தனியாக இருக்கட்டும். கல்லைக் கழுவ முடியாது.

இன்னொரு வழியும் உண்டு, அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று நாலு வீடாக இருக்கிறவர்களுக்கு. யார் வீட்டில் முற்றம் இருக்கிறதோ அங்கே ஒரு கேஸ் ஓவனைக் கூட்டாக வாங்கி வையுங்கள். சிலிண்டரும் அங்கேயே இருக்கட்டும். எம்ஆர்டியில் டுரியானைக் கொண்டுபோனால் வெறும் தடைதான், எரிபொருளைக் கொண்டுபோனால் 5,000 வெள்ளி வரை அபராதம். அவரவர் வீட்டில் வாரநாளில் தகட்டில் பழகி, மாவை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். கிளம்பும் நேரத்தில்தான் உருண்டைகளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். ஐஸ் பொட்டலம் வைத்த பையில், உருண்டைக்கு உருண்டை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஈசூனிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் போய்ச் சேர்வதற்குள் மாவு அரைவாசி எழுந்திருக்கும். போனதும் ஓவனைப் பற்றவைத்தால் கல் சூடேறும் நேரத்தில் அது விரிக்கத் தயாராகிவிடும்.